‘தோட்டப்புறத்துக்கு ஆலோசனை போதும்’ என்று முடிவெடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உளநலப் பணியாளர்களுக்கான பயிற்சிகளைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருக்கும் வைத்தியர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும்,

உள இயக்கவியல் உளச்சிகிச்சையில், அதாவது ஒருவரின் பழைய உறவுகளும் இழப்புகளும் இன்றைய துன்பத்துக்குள் எப்படி வாழ்கின்றன என்று நீண்டகாலம் கேட்கும் சிகிச்சையில், நீங்கள் தொடங்கவிருக்கும் இரண்டு வருடப் பயிற்சிக்கு மலையகத்தின் தேயிலைத் தோட்டப் பகுதிகளிலிருந்து நாங்கள் ஆறு பேர் விண்ணப்பித்தோம். ஆறு பேரும் தமிழிலேயே வேலை செய்கிறவர்கள். ஆறு பேருக்கும் ஒரே பதில் வந்தது. பயிற்சி கொழும்பில், ஆங்கிலத்தில், புதன்கிழமைதோறும் நடக்கும். தோட்டப்புறத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அதற்குப் பதிலாக ஐந்து நாள் ஆலோசனைத் திறன் செயலமர்வு ஒன்று; அதற்குத் தமிழில் ஒரு கைந்நூலும் உண்டு. கடைசிப் பந்தியில் காரணமும் எழுதியிருந்தீர்கள். தோட்டப்புற மக்களின் பிரச்சினைகள் நடைமுறை சார்ந்தவை, நீண்டகால ஆழ்நிலைச் சிகிச்சை அவர்களுக்குப் பொருந்தாது, ஆலோசனை போதுமானது என்று.

புதன்கிழமையையும் கொழும்பையும் ஆங்கிலத்தையும் பற்றிப் பேசித் தீர்க்கலாம். அந்தக் கடைசிப் பந்தியை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

நான் லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது வீட்டு வேலைக்கு வெளிநாடு போனார். இன்று நுவரெலியா மாவட்டத்தில், கிழமையில் மூன்று நாள் ஒரு வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்கிலும் இரண்டு நாள் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். பதினொரு வருடமாகிறது. உங்கள் கடிதம் வந்த அன்று இரவு என் சான்றிதழ்க் கோப்பை எடுத்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தேழு செயலமர்வுகள். ஒரு நாள், மூன்று நாள், ஐந்து நாள். ஆலோசனைத் திறன் பற்றி மட்டும் ஒன்பது. ஒன்றுக்காவது தொடர்ச்சி இல்லை. பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர்கூட ஆறு மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, “அந்த ஆளோடு எப்படிப் போகிறது?” என்று கேட்டதில்லை.

அந்த ஆலோசனைத் திறன் எங்கே நின்றுவிடுகிறது என்பதை ஒரு பெண்ணின் கதையால் சொல்கிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் முதலில் வந்தது வெளிநோயாளர் பிரிவுக்கு. “நெஞ்ச அடைக்குதுங்க” என்று சொன்னார். அன்று இருந்த வைத்தியருக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் நின்ற சிற்றூழியர் ஒருவர் மொழிபெயர்த்தார், நெஞ்சு வலி என்று. அவர்மேல் பிழை இல்லை. தன் வேலையை விட்டுவிட்டு வந்து உதவி செய்தவர் அவர். ஈசிஜி எடுத்தார்கள். ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்தில் மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் ஒன்றும் இல்லை. தமிழில் நெஞ்சு என்றால் மார்பும்தான், மனமும்தான். எங்கள் ஆட்கள் அந்தச் சொல்லை இரண்டு அர்த்தத்திலும் ஒரே மூச்சில் சொல்வார்கள். அதில் பாதி, மொழிபெயர்ப்பில் விழுந்துவிட்டது. மிச்சப் பாதியைத் தூக்கிக்கொண்டு அவர் என்னிடம் வந்து சேர இரண்டு வருடம் போயிற்று.

என் அறை, மருந்துப் பெட்டிகள் அடுக்கிய களஞ்சிய அறை. கதவுக்குக் கொண்டி இல்லை. ஒரு கதிரையை முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும். அவர் காலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வருவார். விரல் நுனியில் கறை, நெற்றிக்கு மேலே கூடைக்கயிறு அழுத்திய தடம். கதிரையின் நுனியில்தான் உட்காருவார், பையை மடியில் வைத்தபடி. ஒவ்வொரு தடவை வரும்போதும் அவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போகும். அந்த அரைப்பேருக்குப் பதிலாக நான் என்ன கொடுத்தேன்? மூச்சுப் பயிற்சி. காலாற நடங்கள், கணவரோடு மனம்விட்டுப் பேசுங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள். ஒன்பது செயலமர்வுகளில் படித்த எல்லாவற்றையும் கொடுத்தேன். “சரிங்க மிஸ்” என்று தலையாட்டினார். அடுத்த முறை அதே அடைப்போடு வந்தார்.

இரண்டு கிழமை கொழும்பில் பயிற்சி இருப்பதால் வரமாட்டேன் என்று ஒரு நாள் சொன்னேன். அதற்கும் “சரிங்க மிஸ்”தான். நான் திரும்பி வந்த பிறகு மூன்று கிழமை அவர் வரவில்லை. வந்ததும், “நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு நெனச்சேன்” என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. ஏனென்று தெரியவில்லை. “இந்தா, வந்துட்டேன்தானே” என்று சொல்லிவிட்டு அவசரமாக மூச்சுப் பயிற்சிக்குப் போனேன்.

வடக்கில் ஓய்வுபெற்ற ஒரு மூத்த உளவளத்துணையாளர், ஞாயிறு பின்னேரங்களில் தொலைபேசியில் என் வேலையைக் கேட்பார். காசு வாங்குவதில்லை. எந்தத் திட்டத்திலும் இல்லாத மேற்பார்வை அது. நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “அவ அப்பிடிச் சொல்லேக்க உமக்குள்ள என்ன நடந்தது, பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. போனை வைத்துவிட்டு வெகுநேரம் குசினியில் நின்றேன். போனவர்களுக்காகக் காத்திருக்கிற ஆளை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. ஆறு வயதில் நானே அப்படித்தான் காத்திருந்தேன். அவருடைய காத்திருப்பைக் கேட்காமல் இருப்பதற்காகத்தான் மூச்சுப் பயிற்சிக்கு ஓடியிருக்கிறேன்.

அடுத்த சந்திப்பில் நான் எதுவும் கொடுக்கவில்லை. “நான் இல்லாத அந்த ரெண்டு கிழமையும் எப்படி இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு அமைதியாக இருந்தேன். மருந்துப் பெட்டிகளுக்கு மேலே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து அவர் பேசினார். நாலு வயதில் அம்மா வெளிநாடு போன கதை. “கடைக்குப் போயிட்டு வாறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். இவர் பொழுதுபடும் வரைக்கும் லயத்து இஸ்தோப்பில், அந்த முன்திண்ணையில், உட்கார்ந்திருந்தாராம். ஏழு வருடம் கழித்துப் பெட்டியோடு ஓர் அம்மா வந்து இறங்கியபோது, பாட்டியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாராம். அப்புறம் தன்னுடைய மூன்றாவது பிள்ளையைப் பற்றிச் சொன்னார். “இவ பொறந்ததுல இருந்து தூக்கவே பயமா இருக்கு மிஸ். நல்லாப் பழகிட்டா விட்டுட்டுப் போகணும்ல.”

எங்கே போக வேண்டும் என்று கேட்டேன். கடனுக்காக அவரை வெளிநாடு அனுப்பும் பேச்சு வீட்டில் நடந்துகொண்டிருந்தது. கடவுச்சீட்டுக்குப் படம் எடுத்த கிழமைதான் முதன்முதலாக நெஞ்சு அடைத்தது. இதை இரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம் சந்தித்தோம். அடைப்பு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பிள்ளையைத் தூக்குகிறார். பிள்ளைக்காம்பராவில் விடும்போது, “அம்மா மலைக்குப் போறேன், மூணு மணிக்கு வருவேன்” என்று உண்மையைச் சொல்லிவிட்டுப் போகிறார். பயணம் போவதா வேண்டாமா என்பதைக் கணவனிடம் அவரே வாயைத் திறந்து பேசினார்.

இப்போது உங்கள் கடைசிப் பந்திக்கு வருகிறேன். இந்தப் பெண்ணின் பிரச்சினை நடைமுறை சார்ந்ததா? கடனும் கடவுச்சீட்டும் நடைமுறைதான். அந்த நடைமுறைக்குள் நாலு வயதுப் பிள்ளை ஒன்று இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கத் தெரியாத ஆலோசனையால் அவருக்கு எட்டு மாதம் ஒரு பயனும் கிடைக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி, ஏனென்றால் அந்த ஆலோசனையைக் கொடுத்தவள் நான்.

நீங்கள் எங்களுக்கு மறுத்த பயிற்சி இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. ஒருவர் தன் பழைய உறவுகளை அறையில் இருக்கும் நம்மோடு மறுபடி வாழ்கிறார். அதை உணர்வு இடமாற்றம் என்கிறோம். அதைக் கேட்கும் நமக்குள்ளும் நம் சொந்தப் பழையது கிளம்புகிறது. அது எதிர் இடமாற்றம். வராமல் இருப்பது, பிந்தி வருவது, ‘சரிங்க மிஸ்’ என்பது எல்லாமே ஒரு பேச்சு. இவற்றை ஐந்து நாளில் கைந்நூலிலிருந்து படிக்க முடியாது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பயிற்சிக்கு மூன்று கால்கள் வேண்டும் என்று 1920களில் பெர்லினில் வகுத்தார்கள்: பாடம், பயில்கிறவர் தானே சிகிச்சைக்கு உட்காருவது, மேற்பார்வையின் கீழ் ஆட்களைப் பார்ப்பது. நூறு வருடமாக அந்த வடிவம் நிற்கிறது. எங்களுக்கு நீங்கள் தருவது முதல் காலில் ஒரு துண்டு.

ஆழமான சிகிச்சை வசதியானவர்களுக்கு உரியது என்ற எண்ணம் உங்கள் கடிதத்துக்குப் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. முதலாம் உலகப்போர் முடிகிற நேரத்தில், 1918 செப்டெம்பரில், புடாபெஸ்டில் நடந்த மாநாட்டில், இந்தச் சிகிச்சைக்கு வேரான உளப்பகுப்பாய்வை உருவாக்கிய பிராய்ட் பேசினார். ஏழைக்குச் சத்திரசிகிச்சை பெற எவ்வளவு உரிமை உண்டோ அவ்வளவு உரிமை மனத்துக்கான உதவியைப் பெறவும் உண்டு, அந்தச் சிகிச்சை இலவசமாகக் கிடைக்கும் காலம் வரும் என்பது அந்தப் பேச்சின் சாரம். இரண்டே வருடத்தில், 1920இல், பெர்லினில் காசில்லாதவர்களும் வந்து உட்காரக்கூடிய சிகிச்சை நிலையம் திறந்தது. நான் மேலே சொன்ன மூன்று கால் பயிற்சி பிறந்தது அங்கேதான். 1970களில் அமெரிக்காவில் குழந்தை உளப்பகுப்பாய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க்கும் அவருடைய குழுவினரும், கஷ்டப்பட்ட தாய்மாரின் வீட்டுக் குசினிகளிலேயே உட்கார்ந்து இந்த வேலையைச் செய்தார்கள். பிள்ளை அழும்போது தூக்க முடியாத தாய், தான் குழந்தையாக அழுததைக் கேட்டு ஒருவர் பக்கத்தில் இருந்த பிறகு, தன் பிள்ளையின் அழுகையைக் கேட்கத் தொடங்கினார் என்று 1975இல் எழுதினார்கள். அதை வாசித்தபோது எனக்கு எங்கள் லயத்து அடுப்படிகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன.

ஆதாரம் கேட்பீர்கள். கேட்க வேண்டும். இலண்டனில் டாவிஸ்டொக் நிலையம் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. வருடக்கணக்கில் மனச்சோர்வில் இருந்து, வேறு சிகிச்சைகளால் குணமாகாதவர்களுக்குப் பதினெட்டு மாதம், கிழமைக்கு ஒரு தடவை உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை கொடுத்தார்கள். முடிந்த கையோடு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, சிகிச்சை பெற்றவர்களில் 44 வீதமானோர் தீவிர மனச்சோர்வு என்ற வரையறைக்குள் வரவில்லை. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் அது 10 வீதம். அங்கே வந்தவர்கள் காசு கட்டி வந்தவர்கள் இல்லை. அரச மருத்துவச் சேவையின் நோயாளர்கள். இங்கே என் கிளினிக்கில் மாத்திரை மாறி மாறி எட்டு, பத்து வருடமாக வருகிறவர்களின் கோப்புகள் ஒரு ராக்கை முழுக்க இருக்கின்றன. அவர்களுக்கு இது ஏன் பொருந்தாது?

எல்லாருக்கும் இதுதான் மருந்து என்று நான் சொல்லவில்லை. காதில் குரல் கேட்கிறவருக்கு முதலில் வைத்தியரும் மருந்தும் வேண்டும். குடியை நிறுத்தி நடுங்குகிறவரைக் கதிரையில் உட்காரவைத்துச் சின்ன வயதுக் கதை கேட்கக்கூடாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையால் சில கிழமைகளில் தேறியவர்களையும் பார்த்திருக்கிறேன். யாருக்கு எது என்று பிரித்தறியத்தான் படித்த ஆட்கள் வேண்டும்.

“முதலில் சம்பளம், வீடு, காணி. அப்புறம் மனசு” என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்களுடைய ஆட்களிலேயே இருக்கிறார்கள். சம்பளத்துக்காக என் அம்மா போராட்டத்தில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்தக் கோரிக்கையை ஒரு அங்குலமும் குறைக்க மாட்டேன். ஆனால் இந்த மக்களுக்கு நடந்ததைக் காசுக் கணக்கில் மட்டும் எழுதி முடிக்க முடியாது. 1948இல் குடியுரிமை இல்லை என்றார்கள். 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் உட்கார்ந்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். இந்தியாவுக்குக் கப்பல் ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன ரயிலை எங்கள் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். மேடையில் நின்றவர்களும் அழுதார்கள், ஏறியவர்களும் அழுதார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், மாசியில் மன்மதன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்து நடக்கும்போது, கணவனை இழந்த ரதியின் புலம்பலை மட்டும் விடாமல் பாடுவார். அண்ணனை அந்தக் கோச்சியில் ஏற்றிவிட்டவர். வீட்டில் அண்ணனின் பேரை அவர் எடுத்ததே இல்லை என்று மகள் சொன்னார். துக்கித்து முடிக்காத இழப்பு எப்படி மனச்சோர்வாக உள்ளே திரும்புகிறது என்று பிராய்ட் 1917இல் எழுதியதை நான் படித்து விளங்கிக்கொண்டது அந்தப் பெரியவரை வைத்துத்தான்.

அப்புறம் 1977, 1981, 1983 இனவன்முறைகள். அப்புறம் 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. மழை பலமாகப் பெய்தால் பிள்ளைகளுக்கு உடுப்பு மாட்டிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருக்கிற தாய்மார் எங்கள் பக்கத்திலும் இருக்கிறார்கள். அவர்களுடைய பயம் நியாயமானது. அதை எந்த மூச்சுப் பயிற்சியாலும் இல்லாமல் செய்யக்கூடாது. அந்தப் பயத்தோடு சேர்ந்து வேறு எது எழும்புகிறது என்று அவரவர்க்குத்தான் தெரியும், கேட்க ஒருவர் இருந்தால்.

1995இல் இந்த நாட்டின் தற்கொலை வீதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. கொடிய பூச்சிகொல்லிகளைத் தடை செய்ததால் ஆயிரக்கணக்கான உயிர்கள் தப்பின. அரசு செய்த மிக நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று. போத்தலில் இருந்த நஞ்சு குறைந்தது. போத்தலை எடுக்கத் தோன்றிய அந்த இரவைப் பற்றி, தப்பிப் பிழைத்தவரோடு உட்கார்ந்து பேச எங்கள் மாவட்டத்தில் தமிழில் எத்தனை பேர் இருக்கிறோம்? அவர் வார்ட்டிலிருந்து மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகும்போது என்னிடம் கிடைப்பது இருபது நிமிடம்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழும்பில் ஒரு பயிற்சியில் பாத்திரமேற்று நடிக்கச் சொன்னார்கள், ஆங்கிலத்தில். நானும் பதுளையிலிருந்து வந்த ஒரு தம்பியும் கடைசி மேசையில். அவன் துயரப்பட்டவனாக நடிக்க வேண்டும். “ஐ ஆம் வெரி சேட்” என்றான். அதற்கு மேலே போக அவனிடம் சொல் இல்லை. இடைவேளையில் படிக்கட்டில் நின்று அதையே தமிழில் செய்து பார்த்தோம். ஐந்தாவது நிமிடத்தில் அவன் உண்மையாகவே அழுதுவிட்டான். அந்தப் படிக்கட்டில் நடந்ததுதான் எங்களுக்கு அன்று கிடைத்த பயிற்சி. எங்கள் ஆட்கள் ‘மனச்சோர்வு’ என்று சொல்ல மாட்டார்கள். ‘யோசன வருது’, ‘வெறுப்பா இருக்கு’, ‘மனசு சரியில்ல’, ‘நெஞ்ச அடைக்குது’ என்பார்கள். கனவைக்கூட ‘சாமி வந்து சொல்லிச்சு’ என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொற்களை வேறு மொழியில் போட்டுவிட்டு நனவிலியை, நமக்கே தெரியாமல் நமக்குள் இயங்கும் மனத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? நனவிலி, ஒருவர் தாய் மடியில் கேட்ட மொழியில்தான் முதலில் வாய் திறக்கும்.

தமிழில் இது முடியாது என்று சொல்லாதீர்கள். கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கி, வங்காளியிலும் எழுதினார். யாழ்ப்பாணத்தில் பேராசிரியர் தயா சோமசுந்தரமும் அவரோடு நின்றவர்களும் போர் நடந்துகொண்டிருந்தபோதே தமிழில் உளவளத்துணையாளர்களைப் பயிற்றினார்கள். ஷெல் விழுந்த காலத்தில் நடந்த காரியம், இன்று ஹட்டனில் ஏன் நடக்காது? தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழிகளில் ஒன்று என்று 1987இலிருந்து அரசியலமைப்பில் இருக்கிறது. நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழ் பேசுகிறவர்கள்.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

அந்தக் கடைசிப் பந்தியை எழுத்தில் மீளப்பெறுங்கள். அது கோப்பில் இருக்கும் வரைக்கும், அடுத்த அதிகாரியும் அதைக் காட்டித்தான் எங்களை மறுப்பார்.

இரண்டு வருடப் பயிற்சியின் தமிழ் வகுப்பு ஒன்றை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ, முடியாவிட்டால் கண்டியிலோ, மாதத்தில் இரண்டு வார இறுதிகளில் நடத்துங்கள். ஹட்டனிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் நாலைந்து மணித்தியாலம். ஒவ்வொரு புதனும் நான் போனால் ஒவ்வொரு புதனும் என் கிளினிக் மூடியிருக்கும். பன்னிரண்டு பேர் போதும். மாவட்டத்தில் பன்னிரண்டு பேர் ஒழுங்காகப் படித்தால் அவர்கள் அடுத்த பன்னிரண்டு பேரைத் தாங்குவார்கள். பயிற்சி நாட்களைக் கடமை நாட்களாகக் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை உள்ள பெண்கள் யாரும் வரமாட்டார்கள்.

மேற்பார்வையைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்கிறேன். பாடம் குறைந்தாலும் பரவாயில்லை, இதைக் குறைக்காதீர்கள். ஆளுக்குக் கிழமையில் ஒரு மணித்தியாலம், தமிழில், சம்பளம் கொடுத்து. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். சிக்னல் இருக்கிற இடத்தில் வாட்ஸ்அப்பிலேயே நடத்தலாம். ஓய்வுபெற்ற ஒருவரின் ஞாயிறு பின்னேர இரக்கத்தில் ஒரு மாவட்டத்தின் உளநலச் சேவை தொங்கிக்கொண்டிருக்கக்கூடாது. பயில்கிறவர்கள் தாங்களும் சிகிச்சைக்கு உட்கார ஒரு கொடுப்பனவை ஒதுக்குங்கள். இதை ஆடம்பரம் என்று வெட்டிவிடுவார்கள் என்று தெரியும். நான் எட்டு மாதம் அந்தப் பெண்ணைக் கேட்காமல் இருந்தது இது இல்லாததால்தான்.

ஒவ்வொரு மனநலக் கிளினிக்கிலும் மூடக்கூடிய கதவு உள்ள ஓர் அறை வேண்டும். கிழமையில் குறைந்தது ஆறு பேருக்கு முழு ஐம்பது நிமிடம் கொடுக்க எங்களுக்கு அனுமதி வேண்டும். இன்றைக்கு எங்கள் வேலையை எண்ணுகிறவர்கள் எத்தனை பேரைப் பார்த்தோம் என்றுதான் எண்ணுகிறார்கள். நாளுக்கு இருபது பேர் என்று எழுதினால் நல்ல பெயர். ஒருவரைப் பதினான்கு மாதம் பார்த்தேன் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை. ஒரு கட்டம் சேருங்கள்.

தோட்ட வைத்திய உதவியாளர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், பிள்ளைக்காம்பராப் பொறுப்பாளர்கள், ஆசிரியர்கள் ஆகியோருக்கு மாதம் ஒரு தடவை பேலின்ட் குழு நடத்துங்கள். இலண்டனில் மைக்கல் பேலின்ட் 1950களில் பொது வைத்தியர்களை வட்டமாக உட்காரவைத்து, தங்களைத் தொல்லைப்படுத்திய நோயாளியைப் பற்றிப் பேசவைத்தார். சிகிச்சையாளர் ஆகாமலே கேட்கக் கற்றுக்கொள்ள இதைவிடச் செலவு குறைந்த வழி எனக்குத் தெரியாது. ஒரு அறை, பத்துக் கதிரை, வழிநடத்த ஒருவர்.

தமிழ்க் கைந்நூலை அச்சடிக்கு முன் எங்களில் இரண்டு பேருக்காவது காட்டுங்கள். ‘நெஞ்சு’ என்ற சொல்லுக்கு அதில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, வைத்தியருக்கு நோயாளியின் மொழி தெரியாத கிளினிக்குகளில், மொழிபெயர்க்க என்றே பயிற்றப்பட்ட ஒருவரை நியமியுங்கள். சிற்றூழியர்கள் தலையில் இதைக் கட்டாதீர்கள்.

அடுத்த தொகுதிக்கான விண்ணப்பம் கோரும் முன் எங்கள் ஆறு பேரையும் நேரில் சந்தியுங்கள். நீங்கள் இங்கே வந்தால் இன்னும் நல்லது. செவ்வாய்க்கிழமைகளில் நான் கிளினிக்கில் இருப்பேன், முட்டுக் கொடுத்த கதிரையை எடுத்துவிட்டு உள்ளே வரலாம். இந்த மடலுக்கு ஒரு மாதத்துக்குள் எழுத்தில், தமிழில் பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத்தில் பணிபுரியும் உளவளத்துணையாளர் ஒருவர்,
விண்ணப்பித்த மற்ற ஐவரின் சம்மதத்தோடு